மண்டோர் நாற்காலியும் இடது ஸ்பீக்கரும்

போன வாரம் நம் ஸ்பீக்கர் கடைப்பக்கம் வந்திருந்தேன். உங்களில் ஒரு தம்பி, பெயர் சொல்லி மானத்தை வாங்க மாட்டேன், டெமோ அறைக்கு நடுவில் ஒரு ஸ்டாண்டை நிறுத்தி, அதன் உச்சியில் தன் போனை உட்கார வைத்து, 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தத்தை ஓடவிட்டு, சத்தத்தை அளக்கும் ஆப்பின் திரையில் ஓடும் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கோடு நேராகத்தான் இருந்தது. ஸ்பீக்கர் இரண்டும் ஆளுக்கொரு மூலையில், சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திகள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன.

"எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டார்.

"உன் போனுக்கு ரொம்ப நல்லாக் கேக்கும் தம்பி" என்றேன்.

பாராட்டு என்று நினைத்துக்கொண்டு தேங்க்யூ சொன்னார். நல்ல பிள்ளை. முன்னுக்கு வருவார்.

முதலாளியும் அன்றுதான் என்னைப் பிடித்துக்கொண்டார். "ரீத்தா, நீதான் ஓய்வு வாங்கிட்டுப் போயிட்டே. புதுசா வந்த புள்ளைங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லு" என்றார். நல்ல வார்த்தை என்னிடம் அவ்வளவாக ஸ்டாக் கிடையாது. இருப்பதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

வயரை எப்படி உரிப்பது, எந்த நட்டை எங்கே முடுக்குவது என்பதையெல்லாம் போனிலேயே வீடியோ போட்டுச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதற்கு நான் தேவையில்லை. நான் சொல்லப்போவது ஒரு நாற்காலியைப் பற்றி. அந்த நாற்காலியில் உட்கார நம் கடை ஆட்களுக்குத் தைரியம் வராததால், சிரம்பான் பக்கம் பாரோயில் ஒரு மனிதருக்கு ஒரு பக்கக் காது மொத்தமாகப் போக இருந்தது. சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன்.

முதலில் நம் ஜனங்கள் ஸ்பீக்கர் வைக்கும் அழகைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீரியோ என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. இரண்டு ஸ்பீக்கர், எதிரே ஒரு நாற்காலி. மூன்றுக்கும் நடுவே தூரம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்பீக்கர் காது உயரத்தில் இருக்க வேண்டும், சுவரை ஒட்டி இருக்கக் கூடாது, உட்கார்ந்திருப்பவரைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். அப்படி வைத்தால், பாடுகிறவர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில் வந்து நின்று பாடுவார். அந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு மட்டும்தான் அப்படிக் கேட்கும். பக்கத்து நாற்காலிக்குக்கூட அந்தக் கொடுப்பினை இல்லை.

இது நம் ஆட்களுக்குப் பெரிய அநியாயமாகப் படும். காசு கொடுத்து இரண்டு வாங்கியிருக்கிறோம், ஒருத்தருக்கு மட்டும் கேட்டால் எப்படி? அம்பாங்கானில் ஒரு வீட்டில் இதற்கு நியாயமான தீர்ப்பு எழுதி வைத்திருந்தார்கள். இடது ஸ்பீக்கர் ஹாலில் ஐயாவுக்கு, வலது ஸ்பீக்கர் சமையலறையில் அம்மாவுக்கு. கச்சேரி போட்டால் வயலின் ஹாலில் கேட்கும், மிருதங்கம் அடுப்பங்கரையில் கேட்கும். அந்த அம்மா வருஷக்கணக்காக வெறும் மிருதங்கத்தைக் கேட்டுக்கொண்டே சாம்பார் வைத்திருக்கிறார். "எனக்கு இந்தப் பாட்டே புடிக்காதுலா, எப்பப் பாரு டொக்கு டொக்குன்னு" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

இன்னொரு வகை, ஸ்பீக்கரை வாசல் பார்த்து வைப்பவர்கள். இது தோட்டத்துப் பழக்கம். லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் ரேடியோ வாங்கினால் வாசலைப் பார்த்துத்தான் வைப்பார்கள். வாங்கியது பக்கத்து வீட்டுக்குத் தெரிய வேண்டாமா? லயத்தை விட்டு டெரஸ் வீட்டுக்கு வந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஆட்கள் மாறிவிட்டார்கள். ஸ்பீக்கர் இன்னும் வாசலைத்தான் பார்க்கிறது.

காது போக இருந்த அந்த மனிதர், நம் மண்டோர், இந்த இரண்டு வகையிலும் சேராதவர். பாரோயில் மகன் வீட்டில் இருந்தார். செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு, யார் எந்த வேலைக்கு என்று பிரித்து அனுப்பிய மனிதர். தோட்டத்தை விற்று அங்கே வீடு கட்ட ஆரம்பித்தபோது, துரை பங்களாவில் கிடந்த ஒரு தேக்கு நாற்காலியை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். கை வைக்கும் பலகை நீளமாக நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி நாற்காலி. அதை ஹாலுக்கு நடுவில் போட்டு, அதற்கு எதிரே முறையாக ஸ்பீக்கர் வைக்க வேண்டும் என்று கடைக்கு வந்து கேட்டவர் அவர். ஒரே நாற்காலிக்குத்தான் நன்றாகக் கேட்கும் என்று முதலாளி தயங்கித் தயங்கிச் சொன்னபோது, மண்டோரின் முகம் மலர்ந்துவிட்டதாம். "அதான் சரி. எல்லாத்துக்கும் கேக்கணும்னு என்னா இருக்கு?" என்றாராம்.

அந்த நாற்காலியில் அவரைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. மகன் உட்கார்ந்ததில்லை, மருமகள் உட்கார்ந்ததில்லை. அவர் மனைவி மண்டோரம்மா அதைத் தினமும் துடைப்பார், அதோடு சரி. அந்த வீட்டுப் பூனைகூட அதைச் சுற்றிக்கொண்டுதான் போகும்.

ஸ்பீக்கரைப் பொருத்தியது கோபி. ஆமாம், உங்கள் சீனியர் கோபிதான். கேட்டால் இந்தக் கதையே நடக்கவில்லை என்பான். நம்பாதீர்கள். வேலையை நன்றாகத்தான் செய்திருந்தான். சாமி மேடைப் பக்கம் இடது ஸ்பீக்கர், சமையலறைப் பக்கம் வலது ஸ்பீக்கர், நடுவில் சுவரில் டிவி. கொஞ்ச காலம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு நாள் காலையில் கடைக்குப் போன் வந்தது.

"இடது பக்கம் ரோசாக். செத்துக் கெடக்கு" என்றார் மண்டோர். "போதாததுக்கு ஙொய்ங்னு ஒரு சத்தம் வேற."

கோபி போனான். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குனிந்து காதை வைத்துப் பார்த்தான். பாட்டு தெளிவாக வந்தது. ஙொய்ங் வரவில்லை. "நல்லாத்தானே ஐயா இருக்கு" என்றான். மண்டோர் அவனை ஒரு பார்வை பார்த்தார். பெரட்டுக்குத் தாமதமாக வந்தவனைப் பார்க்கிற பார்வை. கோபி உடனே, "ஆமா ஐயா, லேசா இருக்கு" என்று சொல்லிவிட்டு, வயரை மாற்றிக் குத்திவிட்டு வந்துவிட்டான். மறுநாளும் போன். தினேஷ் என்று அப்போது ஒருவன் இருந்தான், அவன் போனான். புது ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுபோய் இடது பக்கம் வைத்தான். அதுவும் செத்துக் கிடப்பதாக மண்டோர் சொன்னார். தினேஷும் "ஆமா ஐயா" என்றான். திரும்பி வந்து, சுவரில் ஏதோ கோளாறு என்று முதலாளியிடம் அறிக்கை கொடுத்தான். சுவரில்! அந்த அறிவுக்கு அவன் இன்று எங்கேயோ பெரிய வேலையில் இருப்பான் என்று நம்புகிறேன்.

நாங்கள் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கோபி சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னான்.

"அக்கா, கெழவருக்கு என்னமோ ஆயிருச்சுக்கா. நான் பிளக்கையே புடுங்கிட்டேன். அப்பவும் இடது பக்கம் ஙொய்ங்னு சத்தம் வருதுங்கிறாரு."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். இந்தக் கடைக்கு வருவதற்கு முன்னால் நான் சுங்கை காடுட்டில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் லைனில் வேலை செய்தேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஒரு நாள் காலையில் எழுந்தபோது ஒரு காது அடைத்திருந்தது, உள்ளே ஙொய்ங் என்று இரைச்சல். அழுக்கு என்று நினைத்து எண்ணெய் விட்டாள். தண்ணீர் போயிருக்கும் என்று ஒற்றைக் காலில் குதித்தாள். லீவு போட்டால் சூப்பர்வைசர் முறைப்பார் என்று மாசக்கணக்கில் அப்படியே இருந்துவிட்டாள். கடைசியில் டாக்டரிடம் போனபோது, "திடீர்னு காது அடைச்சா உடனே வரணும்மா. ஆரம்பத்துல வந்திருந்தா மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம், இப்போ நரம்பு போயிருச்சு" என்று சொல்லிவிட்டார். அவளுக்கு அந்தக் காது திரும்பவே இல்லை. ரோட்டைக் கடக்கும்போது மோட்டார் எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பிடி இன்னும் என் கையில் இருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஸ்பீக்கர் சத்தம் போடுகிறது என்றால், சத்தம் ஸ்பீக்கரில் இல்லை. இதைக் கண்டுபிடிக்க எந்த ஆப்பும் வேண்டாம். "நான் போறேன்" என்று எழுந்தேன்.

"நீ போனா சண்டைதான் வரும்" என்றார் முதலாளி.

அது உண்மைதான். மறுக்கவில்லை.

நான் போனபோது மண்டோர் நாற்காலியில் இருந்தார். மகன் சேகர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். சோபா இருந்தது, ஆனாலும் நின்றுகொண்டுதான் இருந்தான். மருமகள் மாடிப்படிப் பக்கம், மண்டோரம்மா சமையலறை வாசலில்.

"பொம்பளையவா அனுப்பிச்சிருக்கான்?" என்றார் மண்டோர், என்னிடம் அல்ல, மகனிடம்.

"ஆம்பளைங்க ரெண்டு பேரு வந்து ஒண்ணும் கிழிக்கலியே ஐயா" என்றேன்.

"எந்தத் தோட்டத்து ஆளு நீ?"

சொன்னேன். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர் என்றும் சொன்னேன். அது போதும் என்பதுபோல் தலையை ஆட்டினார். அவர் மனசுக்குள் என்னை எந்த வரிசையில் நிறுத்தினார் என்று எனக்குத் தெரிந்தது. என் அப்பா இந்த மாதிரி நாற்காலியைத் தூரத்தில் நின்று பார்த்தவர். அதுவும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு.

"ஐயா, கொஞ்சம் எழுந்திருங்க. அங்க ஒக்காந்து பாக்கணும்."

சேகர் பதறிக்கொண்டு, "அக்கா, வேற நாக்காலி கொண்டாறேன்" என்று ஓடினான்.

"வேற நாக்காலியில வேற மாதிரிதான் கேக்கும் தம்பி. ஐயா காது இருக்குற எடத்துல என் காது இருக்கணும்."

மண்டோர் அசையவில்லை. அதற்குப் பதிலாக ஒரு நிரூபணம் காட்ட முடிவு செய்தார். "பாட்டு கெடக்கட்டும். அந்த ஙொய்ங்க மொதல்ல கேளு" என்று தானே எழுந்து போய், சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கிக் கையில் தூக்கிக் காட்டினார். "இந்தா, புடுங்கிட்டேன். இப்பவும் வருது பாரு. கேக்குதா இல்லியா?"

"கேக்குதுப்பா" என்றான் சேகர்.

"ஆமா மாமா" என்றாள் மருமகள்.

மண்டோரம்மாவும் தலையை ஆட்டினார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு. கையில் பிளக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் நிற்கிறார். செத்துப்போன ஸ்பீக்கரிலிருந்து சத்தம் வருகிறது என்று குடும்பமே சாட்சி சொல்கிறது. அவர் காது போய்க்கொண்டிருப்பதை அவருக்குச் சொல்லக்கூடிய மூன்று பேர், கோபியையும் தினேஷையும் சேர்த்தால் இன்னும் ரெண்டு பேர், எல்லாரும் மரியாதையாக ஆமாம் போட்டிருக்கிறார்கள். மரியாதை என்றால் சும்மாவா?

நாற்காலி காலியாக இருந்தது. போய் உட்கார்ந்துவிட்டேன்.

"அய்யய்யோ" என்றார் மண்டோரம்மா.

"பிளக்க மாட்டுங்க ஐயா. பாட்டுப் போடுங்க" என்றேன். அவர் அதிர்ச்சியில் சொன்னதைச் செய்துவிட்டார். பாட்டு வந்தது. இடதும் வலதும் ஒரே அளவு, பாடுகிறவள் நட்ட நடுவில். கோபி வைத்த விதத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. அந்த இடத்தில் ஒரே ஒரு நிமிஷம் அவன் உட்கார்ந்திருந்தால் எனக்கு இந்த வேலையே இருந்திருக்காது.

எழுந்து, நாற்காலியைப் பிடித்து இழுத்தேன். கனமான சாமான். டைல்ஸ் தரையில் கிறீச்சென்று அலறியது. அதன் முதுகு ஸ்பீக்கரைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டேன். "இப்ப ஒக்காருங்க ஐயா. கழுத்தத் திருப்பாதீங்க. எந்தப் பக்கம் ரோசாக்னு மட்டும் சொல்லுங்க."

திட்டத்தான் வாயைத் திறந்தார். ஆனால் ஸ்பீக்கர் விஷயத்தில் தான் சொன்னது சரி என்று காட்டும் ஆசை கோபத்தைவிடப் பெரியதாக இருந்தது. உட்கார்ந்தார். கேட்டார். சாமி மேடைப் பக்கம் கையைக் காட்டப் போனவர், பாதியில் நிறுத்தினார். கை மெதுவாகச் சமையலறைப் பக்கம் போனது.

"இப்ப அந்தப் பக்கம் செத்திருச்சு" என்றார். குரல் இறங்கியிருந்தது. "அது நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சே."

நாற்காலியைத் திருப்பினால் கோளாறும் கூடவே திரும்புகிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. இடது கையைத் தூக்கிக் காதைத் தொட்டுப் பார்த்தார். பயம் என்றால் என்ன என்று மற்றவர்களுக்குக் காட்டிய முகம், அன்று தானே பயந்ததை நான் பார்த்தேன். பாவமாக இருந்தது. அந்தப் பாவம் ரொம்ப நேரம் நீடிக்கவில்லை.

"என் காதக் குத்தம் சொல்றியா?" என்று எழுந்தார். "ஸ்பீக்கர் சரியில்லன்னா மாத்திக் குடுக்க வக்கில்ல, காது சரியில்லங்கிறியா? வெளிய போ!"

நான் போர்ச்சுக்கு வந்து முதலாளிக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கு நாம என்னா பண்றது? காது நம்ம கடையில விக்கிற சாமானா? இன்னொரு ஸ்பீக்கர் மாத்திட்டு வந்துரு லா. சண்டை வேணாம்" என்றார்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். இது எந்த வீடியோவிலும் வராது. இன்னொரு ஸ்பீக்கரை மாட்டி, "இப்ப எப்படி ஐயா?" என்று கேட்டால், பிடிவாதத்துக்காகவே "இப்ப நல்லா இருக்கு" என்று சொல்லியிருப்பார். எல்லாருக்கும் நிம்மதி. காது மட்டும் போயிருக்கும். அதற்காக உள்ளே போய், "ஐயா, உடனே டாக்டரிடம் போகாவிட்டால் காது போய்விடும்" என்று கத்தினாலும் பயனில்லை. பால் மரம் சீவியவன் மகள் சொல்லி ஒரு மண்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனதாகச் சரித்திரம் இல்லை. சேகர் சொன்னாலும் கேட்க மாட்டார். அவர் வாழ்நாளில் யார் சொன்னதை எதிர்த்துப் பேசாமல் கேட்டிருக்கிறார் என்று யோசித்தேன். ஒரே ஆள்தான் ஞாபகம் வந்தார். கம்பெனி.

உள்ளே போனேன். இடது ஸ்பீக்கரின் வயரைக் கழற்றினேன். ஸ்பீக்கரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"ஐயா, நீங்க சொல்றதுதான் சரி. ஸ்பீக்கர மாத்திக் குடுத்துடறோம். ஆனா ஒரு கம்பெனி ரூல் இருக்கு."

"என்னா ரூலு?" கோபம் சட்டென்று ஒரு படி இறங்கியது.

"வாரண்டில புதுசு வேணும்னா, கேக்குறவரு காது நல்லா இருக்குன்னு டாக்டர் சீட்டுக் குடுக்கணும். இல்லாட்டி கம்பெனி ஒத்துக்க மாட்டான். அம்பாங்கான் கிளினிக்கு இன்னும் தொறந்துதான் இருக்கு. இன்னிக்கே வாங்கணும், நாளைக்கு வாரண்டி முடியுது."

இப்படி ஒரு விதி எந்த நாட்டிலும் கிடையாது. வாரண்டியும் மறுநாள் முடியவில்லை. நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சேகர் என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக அவன் ஒரு நல்ல காரியத்துக்காக ஆமாம் போட்டான். "ஆமாப்பா, வாரண்டிப் பேப்பர்ல போட்டிருந்துச்சு" என்றான்.

கம்பெனி ரூல் என்றால் கம்பெனி ரூல்தான். ஒரு தோட்டத்தையே அந்தச் சொல்லை வைத்து ஓட்டியவர், அதை எப்படி மறுப்பார்? "சட்டைய எடு" என்றார் மண்டோரம்மாவிடம். "என் காதுல ஒண்ணும் இல்லன்னு டாக்டர் எழுதிக் குடுப்பான். அத இவங்க மொதலாளி மூஞ்சில விட்டெறியணும்."

நான் ஸ்பீக்கரைப் பணயக் கைதி மாதிரி வேனில் ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தேன். முதலாளி என்னைப் பிடித்து ஒரு மூச்சுத் திட்டினார். மனசுக்குள் எனக்கும் உதறல்தான். வெறும் அழுக்காக இருந்து, டாக்டர் இரண்டு சொட்டு மருந்து விட்டு அனுப்பியிருந்தால், என் வேலை அன்றோடு போயிருக்கும்.

அழுக்கு இல்லை. கிளினிக் டாக்டர் பார்த்துவிட்டு அன்றைக்கே சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டாராம். காது நரம்பில் கோளாறு, மாத்திரையை உடனே ஆரம்பிக்க வேண்டும், இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் மாத்திரை கொடுத்தும் பிரயோசனம் இருந்திருக்காது என்றார்களாம். இதெல்லாம் சேகர் எனக்குப் போனில் சொன்னது. சொல்லும்போது அழுதான். "நானும் கேக்குதுன்னு சொல்லிட்டேனேக்கா" என்றான். என்ன சொல்வது? "அழாத தம்பி, கோபியும்தான் சொன்னான்" என்றேன்.

சில வாரம் கழித்து மண்டோரே கடைக்குப் போன் செய்தார். முதலாளிதான் எடுத்தார். மண்டோர் சத்தமாகப் பேசுவார், எனக்கே கேட்டது.

"சீட்டு வாங்கியாச்சு. ஸ்பீக்கர் எங்க?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் பெருமூச்சு விட்டு, "ஆமாங்கய்யா, கம்பெனி ரூலு, என்னா பண்றது. இப்பவே ஸ்பீக்கர அனுப்பிர்றேன்" என்றார். போனை வைத்துவிட்டு, "ஓடிப்போய் மாட்டிட்டு வா" என்று என்னை விரட்டினார். பல வருஷம் அவரிடம் வேலை பார்த்ததில் அவர்மேல் எனக்கு முழு மரியாதை வந்த நாள் அதுதான்.

போனேன். நாற்காலி பழையபடி ஸ்பீக்கரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மண்டோர் கொஞ்சம் இளைத்திருந்தார். இடது ஸ்பீக்கரை அதன் இடத்தில் வைத்து வயரை மாட்டினேன். பாட்டு ஓடியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இடது பக்கம் வந்துருச்சு" என்றார். பிறகு, "முழுசா இல்ல. கொஞ்சம் வலது பக்கம் இழுக்குது. ஙொய்ங்கும் லேசா இருக்கு" என்றார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "இது என் காதா, உன் ஸ்பீக்கரா?"

அவர் அப்படி ஒரு கேள்வியை வேறு யாரிடமாவது கேட்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

"யாராச்சும் ஒக்காந்து கேட்டாத்தான் தெரியும் ஐயா" என்றேன்.

மண்டோர் எழுந்தார். நாற்காலியைவிட்டு இரண்டு எட்டு தள்ளி நின்றுகொண்டார். சேகரைப் பார்த்தார். சேகர் உடனே போர்ச்சில் ஏதோ முக்கியமான வேலை இருப்பதுபோல் அந்தப் பக்கம் பார்த்தான். மருமகள் மாடிக்கே போய்விட்டாள்.

"பாக்கியம்" என்று கூப்பிட்டார் மண்டோர். மண்டோரம்மாவுக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரியும். "நீ வா. இங்க ஒக்காந்து கேட்டுச் சொல்லு. பொய் சொல்லக் கூடாது."

அந்த அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். நாற்காலி விளிம்பில், சூடான அடுப்பில் உட்காருகிறவர் மாதிரி உட்கார்ந்தார். "சாஞ்சு ஒக்காருங்கம்மா, காது பின்னால போகணும்" என்றேன். சாய்ந்தார். நீளமான கைப்பலகையில் இரண்டு கையையும் வைத்தார். பாட்டைக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் முகமே மாறிவிட்டது.

"என்னா?" என்றார் மண்டோர்.

"அந்தப் பொண்ணு நடுவுல நிக்கிறா."

"எந்தப் பொண்ணு?"

"பாடுற பொண்ணுங்க. டிவிக்கு முன்னால, ஒண்ணுமே இல்லாத எடத்துல நின்னு பாடுறா." மண்டோரம்மா என்னைப் பார்த்தார். "இது எப்பவுமே இப்படித்தானா? நான் இத்தன நாளா குசினியில இருந்து கேட்டப்ப வெறும் சத்தமா இருந்துச்சே."

"எப்பவுமே இப்படித்தாம்மா."

மண்டோர் கொஞ்சம் கிட்டே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "அந்த ஙொய்ங்?"

"இல்லீங்க."

"அன்னிக்கு இருந்துச்சுன்னியே?"

"அன்னிக்கும் இல்லீங்க." அந்த அம்மா கண்ணை அந்த வெற்று இடத்திலிருந்து எடுக்காமலே பேசினார். "நீங்க இருக்குன்னு சொன்னீங்க. இல்லன்னு சொல்ல இந்த வீட்டுல யாருக்கு வாய் இருந்துச்சு?"

மண்டோர் பிளக் போடும் இடத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், அப்புறம் தன் கையைப் பார்த்தார். எனக்கு அங்கே இனி வேலை இல்லை. சாமான்களைப் பைக்குள் எடுத்து வைக்க ஆரம்பித்தேன்.

ஆகவே, பிள்ளைகளே, ஸ்பீக்கரை அளந்து வையுங்கள், போனை ஸ்டாண்டில் நிறுத்துங்கள், கோடு நேராக வரட்டும், எனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை. வேலை முடிந்ததும் அந்த நாற்காலியில் நீங்கள் ஒரு தடவை உட்காருங்கள். அது யார் நாற்காலியாக இருந்தாலும் உட்காருங்கள். கேட்காததைக் கேட்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். அதற்கு அந்த வீட்டில் ஏற்கெனவே ஆள் இருக்கும்.

பை ஜிப்பை மூடிக்கொண்டிருந்தபோது மண்டோர் பழைய குரலை ஒருவழியாகத் தேடிப் பிடித்துவிட்டார்.

"சரி, கேட்டது போதும். எழுந்திரி. இந்தப் பொண்ணுக்கு ஒரு கோப்பி போட்டுக் குடு" என்றார்.

மண்டோரம்மா எழவில்லை. கைப்பலகையில் இருந்த கையையும் எடுக்கவில்லை.

"பாட்டு முடியட்டும்" என்றார். "தண்ணி கொதிச்சுட்டுத்தான் இருக்கு. நீங்களே போட்டுட்டு வாங்க, எனக்கும் சேத்து."

மண்டோர் குசினிக்குள் போனார். உள்ளேயிருந்து ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடும் சத்தம் வந்தது. சீனி எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, இந்த அம்மாவும் சொல்லவில்லை. கோப்பி வர ரொம்ப நேரம் ஆனது. வந்தபோது அதில் உப்புப் போட்டிருந்தார்.

நானும் மண்டோரம்மாவும் அதைக் குடித்தோம். நன்றாக இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.